ஹாரல்ட் பிளேர்: கரும்புக் காட்டிலிருந்து வந்த டெனரைப் பற்றி எல்லாரும் கேட்கும் கேள்விகள்

ஹாரல்ட் பிளேரைப் பற்றி நண்பர்களிடம் பேச ஆரம்பித்து சில வருடங்கள் ஆகின்றன. யாரிடம் பேசினாலும் ஏறக்குறைய அதே சந்தேகங்கள்தான் வரிசையாக வருகின்றன, நானும் அதே பதில்களைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதனால் கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளை எழுதி, தெரிந்ததைக் கீழே சேர்த்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை பின்னால்.

யாரு இந்த ஹாரல்ட் பிளேர்? ஒரே மூச்சுல சொல்லுங்க.

ஆஸ்திரேலியப் பூர்வகுடியைச் சேர்ந்த டெனர் பாடகர். 1924 செப்டம்பர் 13இல் குயின்ஸ்லாந்தில் பிறந்து, மிஷன் ஒன்றில் வளர்ந்து, கரும்பு வெட்டி, 1945இல் வானொலிப் போட்டி ஒன்றில் நாடே திரும்பிப் பார்க்கும்படி பாடி, மெல்போர்னில் முறையாகக் கற்று, 1951இல் நியூயார்க்கில் கச்சேரி செய்தவர். பிறகு ஆசிரியர், பூர்வகுடி உரிமைப் போராளி, தேர்தல் வேட்பாளர். 1976 மே 21இல் 51 வயதில் இறந்துபோனார்.

டெனர்னா என்ன? அது பட்டமா?

பட்டம் இல்லை, குரல் வகை. மேற்கத்திய சாஸ்திரிய இசையில் ஆண் குரல்களை உயரத்தை வைத்துப் பிரிப்பார்கள். அடித்தொண்டையில் ஒலிப்பது பேஸ், நடுவில் பாரிடோன், மேல் ஸ்தாயியில் நின்று பாடுவது டெனர். ஓபராவில், அதாவது வசனத்துக்குப் பதில் பாட்டாலேயே நடக்கும் மேற்கத்திய இசை நாடகத்தில், காதலன், கவிஞன், போர்வீரன் போன்ற கதாநாயக வேடங்கள் பெரும்பாலும் டெனருக்குத்தான் போகும்.

இதில் பலருக்கும் தெரியாத ஒன்று, இவர்கள் மைக் இல்லாமல் பாடுகிறவர்கள். ஐம்பது அறுபது வாத்தியங்கள் முன்னால் முழங்கும்போது ஒற்றைக் குரல் கடைசி வரிசை வரை கேட்க வேண்டும். கத்தினால் அது நடக்காது, தொண்டைதான் கெடும். குரல்வளைக்கு மேலே உள்ள இடத்தை ஒரு குறிப்பிட்ட விதமாக வைத்துக்கொண்டு, சுமார் 3000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒலியைக் கூர்மையாக்கப் பழகுவார்கள். அந்த இடத்தில் வாத்தியங்களின் வலு குறைவு, அதனால் குரல் அவற்றின் நடுவே வழி கண்டுபிடித்து வெளியே வந்துவிடும். இது உடம்பில் படிய வருடங்கள் ஆகும். கீழே பிளேரின் குரலுக்கு நேர்ந்ததைப் படிக்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மிஷன்ல வளர்ந்தார்னு சொல்றீங்களே, அது பள்ளிக்கூடமா, ஹாஸ்டலா?

இரண்டும் கலந்தது, ஆனால் வெளியே போகக் கதவு உங்கள் கையில் இல்லாத இடம். 1897இல் குயின்ஸ்லாந்து அரசு பூர்வகுடிப் 'பாதுகாப்பு' என்று ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதன் கீழ் மக்களை அரசு ஒதுக்கிடங்களுக்கும் மிஷன்களுக்கும் கொண்டுபோய் வைக்கலாம். வெளியே வேலைக்குப் போக அனுமதி, கல்யாணத்துக்கு அனுமதி, சம்பாதித்த கூலியைக் கையில் வாங்கவும் அனுமதி. அந்தக் கூலியில் பெரும்பங்கு அரசுக் கணக்கில் போய் நின்றது, பலருக்குக் கடைசி வரை வரவே இல்லை. அந்தப் பணத்துக்காகத் தொடுத்த வழக்கில் 2019இல்தான் 19 கோடி டாலருக்குச் சமரசம் ஏற்பட்டது.

பிளேர் பிறந்தது மர்கன் ஊருக்கு அருகே இருந்த பரம்பா ஒதுக்கிடத்தில், இன்று அதன் பெயர் ஷெர்பர்க். வளர்ந்தது இப்ஸ்விச் பக்கத்தில் இருந்த பர்கா மிஷனில். அதை நடத்தியது இரட்சணிய சேனை, அதாவது சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவ அமைப்பு.

அப்போ அநாதையா?

இல்லை. இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் கொஞ்சம் நிதானமாகவே பதில் சொல்வேன். அம்மா இருந்தார், எஸ்தர் குயின் என்று பெயர், மிகச் சின்ன வயதுப் பெண். மேலே சொன்ன சட்டத்தின் கீழ் வாழ்ந்த இளம் பூர்வகுடிப் பெண்கள் வெள்ளையர் வீடுகளில் வேலைக்கு அனுப்பப்பட்டார்கள், குழந்தையை மிஷனில் விட்டுவிட்டுப் போவதைத் தவிர அவர்களுக்கு வழி இருக்கவில்லை. குழந்தை ஒரு பக்கம், தாய் ஒரு பக்கம். அநாதை என்று சொல்லிவிட்டால் இதற்கு யாருமே பொறுப்பில்லை என்று ஆகிவிடுகிறது. அதனால் அந்தச் சொல்லை நான் பயன்படுத்துவதில்லை.

கரும்பு வெட்டறவருக்குப் பாட்டு எப்படி வந்துச்சு?

பாட்டு முன்பே இருந்தது, கரும்புதான் பின்னால் வந்தது. இரட்சணிய சேனை என்றாலே பாட்டும் பேண்டும்தான். ஞாயிறு ஆராதனை, கீர்த்தனைப் பாடல்கள், விழா நாட்களில் குழுப்பாட்டு என்று மிஷன் பிள்ளைகளின் காதில் இசை விழாத வாரமே இருந்திருக்காது. பள்ளிப் படிப்பு என்னவோ குறைவுதான்.

இளைஞனானதும் பண்டபெர்க் பக்கத்தில் ஃபேரிமீட் சர்க்கரை ஆலையின் கரும்புக் காட்டில் வேலை. அப்போது எல்லாம் கைவெட்டுதான். குனிந்து அடிக்கரும்பை ஒரே வெட்டாக வெட்டி, நிமிர்ந்து தோகையைச் சீவி எறிந்து, கட்டாக அடுக்கி, ஆலைக்குப் போகும் சின்ன ரயில் பெட்டியில் ஏற்ற வேண்டும். வேலை நேரத்தில் பாடிக்கொண்டிருந்த இந்தப் பையனின் குரல் உடன் உழைத்தவர்கள் காதில் விழுந்தது. ஹாரி கிரீன் என்ற தொழிற்சங்க அமைப்பாளர்தான் இது வெறும் வேலைப்பாட்டு இல்லை என்று உணர்ந்து அவரை மேடைக்குத் தள்ளியவர். ஒரு பாடகரின் கதையில் முதல் ஆதரவாளர் சங்கக்காரர் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

மார்ஜரி லாரன்ஸ்தான் கண்டுபிடிச்சாங்கன்னு படிச்சேனே?

கண்டுபிடித்தவர் என்று சொன்னால் ஹாரி கிரீனுக்கு நியாயம் செய்ததாகாது. ஆனால் லாரன்ஸின் பங்கு பெரியது. விக்டோரியா மாநிலத்துக் கிராமத்தில் பிறந்து பாரிஸ், நியூயார்க் மேடைகளில் ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் ஓபராக்களில் நாயகியாகப் பாடியவர். 1941இல் போலியோ தாக்கி நடக்க முடியாமல் போனது. அதற்குப் பிறகும் உட்கார்ந்தபடியே பாடினார். 1944இல் ஆஸ்திரேலியாவில் சுற்றுப்பயணம் வந்தபோது பிரிஸ்பேனில் பிளேர் அவர் முன் பாடிக் காட்டினார்.

அந்த அறையை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன். எழுந்து நிற்க முடியாத, உலகப் புகழ்பெற்ற பாடகி ஒரு பக்கம். எதிரே இருபது வயது ஆவதற்குள் கையெல்லாம் காய்ப்புக் காய்த்த பையன். பயிற்சி எடுத்தால் நீ பாடகனாகலாம் என்று அவர் ஊக்கம் தந்தார். அந்த வார்த்தைக்குப் பிறகுதான் சுற்றியிருந்தவர்களும் இதைப் பெரிதாக எடுத்துக்கொண்டார்கள்.

ரேடியோல ஜெயிச்சார்ங்கறது என்ன நிகழ்ச்சி?

ஆஸ்திரேலியாஸ் அமெச்சூர் அவர். நாடு முழுக்க ஒலிபரப்பான திறமைப் போட்டி, இன்றைய தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிகளுக்கு முன்னோடி என்று வைத்துக்கொள்ளலாம். கேட்கிறவர்கள் தொலைபேசியிலும் கடிதத்திலும் ஓட்டுப் போடுவார்கள். 1945 மார்ச்சில் பிளேர் பாடியபோது குவிந்த ஓட்டுகள் சாதனை எண்ணிக்கை.

வானொலியில் முகம் தெரியாது, குரல் மட்டும்தான். இந்தக் கதையில் அது சின்ன விஷயம் இல்லை.

எங்க படிச்சார்? மிஷன் பள்ளிக்கூடம் படிச்சவரை இசைக் கல்லூரில சேர்த்தாங்களா?

மெல்போர்னில் மெல்பா இசைக்கல்லூரி சேர்த்துக்கொண்டது. நெல்லி மெல்பா என்ற மாபெரும் பாடகி பாடம் நடத்திய கல்லூரி, அதனால் அந்தப் பெயர். படிப்புச் செலவுக்கு குயின்ஸ்லாந்தின் தொழிற்சங்க நண்பர்களும் ஆதரவாளர்களும் பணம் திரட்டினார்கள்.

1949இல் டிப்ளமா பெற்றார். காகிதத்தில் ஒரு வரி, ஆனால் அந்த நாலைந்து வருடங்களில் அவர் என்னென்ன கடந்திருக்க வேண்டும்! இத்தாலியன், ஜெர்மன், பிரெஞ்சு என்று மூன்று மொழிகளில் உச்சரிப்பு, இசைக் குறிப்பைப் பார்த்த மாத்திரத்தில் பாடுவது, மேடை நிலை, மூச்சு. பணக்கார வீட்டுப் பிள்ளைகள் சின்ன வயதிலிருந்து வீட்டில் பியானோவோடு வளர்ந்து கற்றதை இவர் இருபது வயதுக்கு மேல் தொடங்கினார்.

அமெரிக்கா எதுக்குப் போனார்? லண்டன்தானே வழக்கம்?

ஆமாம், அந்தக் காலத்தில் ஆஸ்திரேலியப் பாடகர்கள் கப்பல் ஏறினால் லண்டன்தான். பிளேர் திசை மாறியதற்குக் காரணம் டாட் டங்கன். 'போர்கி அண்ட் பெஸ்' என்ற ஓபரா 1935இல் அரங்கேறியபோது போர்கியாகப் பாடிய ஆப்பிரிக்க அமெரிக்க பாரிடோன், 1945இல் நியூயார்க் சிட்டி ஓபராவில் பாடிய முதல் கறுப்பினத்தவர். 1946இல் ஆஸ்திரேலியா வந்த டங்கன் பிளேரின் குரலைக் கேட்டார், அமெரிக்கா வந்து கற்றுக்கொள் என்றார்.

நிறத்தால் கதவு மூடப்பட்ட இடத்தில் பாடிக் காட்டிய ஒருவர், அதே வேலையைச் செய்ய வேண்டிய இன்னொருவரைக் கூப்பிடுகிறார். பிளேரைச் சுற்றி இருந்த ஆசிரியர்கள் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும் இதை அவர்களால் சொல்லித்தந்திருக்க முடியாது.

நியூயார்க்ல பெரிய ஓபரா ஹவுஸ்ல பாடினாரா?

இல்லை. அவர் அங்கே இருந்த காலத்தில் மெட்ரோபாலிட்டன் ஓபராவில் எந்தக் கறுப்பினப் பாடகரும் ஒரு வேடத்தில் மேடையேறியதில்லை. 1955 ஜனவரியில் மரியன் ஆண்டர்சன் பாடிய பிறகுதான் அது மாறியது. பிளேர் போனது அதற்கு நான்கைந்து வருடங்களுக்கு முன்.

அவர் பாடியது டவுன் ஹால் என்ற அரங்கில், 1951 மார்ச்சில். சுமார் 1500 பேர் உட்காரும் இடம், ஒலியமைப்புக்குப் பேர்போனது. புதிய பாடகர்கள் அங்கேதான் விமர்சகர்கள் முன் தங்களை நிறுத்திக்கொள்வார்கள். மரியன் ஆண்டர்சன் ஐரோப்பாவிலிருந்து திரும்பி 1935இல் பாடியதும் இங்கேதான். நியூயார்க்கில் இருந்தபோது பிளேர் ஹார்லெம் பகுதியின் கறுப்பின மக்களோடு பழகினார், அவர்களுடைய உரிமைப் பேச்சைப் பக்கத்திலிருந்து கேட்டார். பின்னால் அவர் அரசியலுக்கு வந்ததன் விதை அங்கே விழுந்தது என்று நான் நினைக்கிறேன்.

அவ்வளவு தூரம் போய்ட்டு ஏன் திரும்பி வந்தார்? அங்கேயே இருந்திருக்கலாமே?

1951 ஆஸ்திரேலியக் கூட்டமைப்பின் ஐம்பதாவது ஆண்டு. பொன்விழாவை ஒட்டி ஏபிசி, அதாவது அரசு வானொலி, நாடு முழுக்கக் கச்சேரிகள் ஏற்பாடு செய்து அவரை அழைத்தது. சொந்த நாடு கூப்பிடுகிறது, எந்த இளம் பாடகன் மறுப்பான்?

இதில் என் வருத்தம் ஒன்று உண்டு. டவுன் ஹால் கச்சேரிக்குப் பிறகு ஒரு பாடகருக்குத் தேவை அங்கேயே இரண்டு மூன்று வருடம் ஊன்றி நிற்பது. அந்த வேளையில் விழா மேடைக்கு ஒரு முகம் தேவைப்பட்டது, அவரைக் கூட்டிவந்துவிட்டார்கள். எந்த மாநிலத்தில் பிறந்ததால் வெளியே நடமாட அனுமதி கேட்க வேண்டியிருந்ததோ அந்த மாநிலமும் சேர்ந்த ஒரு நாட்டின் விழா அது.

அப்புறம் குரல் போயிடுச்சுன்னு சொல்றாங்களே, உண்மையா?

'போயிடுச்சு' என்பது பெரிய வார்த்தை. நடந்தது இது. சுற்றுப்பயணம் மிகக் கடுமையாக இருந்தது. ஊர் மாறி ஊர், பயணம், மறுநாள் மேடை. மேலே டெனர் பற்றிய பதிலில் சொன்ன மாதிரி, மைக் இல்லாத இந்தப் பாட்டுக்கு முழு உடம்பும் உழைக்க வேண்டும், குரல் நாண்கள் லேசாக வீங்கினாலும் மேல் ஸ்தாயி முதலில் கைவிட்டுவிடும். அதற்கு ஒரே மருந்து ஓய்வு. அவருக்குக் கிடைக்காதது அதுதான். குரல் தளர்ந்தது. ஒப்பந்தக் கட்டுப்பாடுகளும் சேர்ந்துகொண்டதால் வேறு மேடை தேடிப் போகவும் முடியவில்லை. டவுன் ஹாலில் பாடியவர் மெல்போர்னில் ஒரு கடையில் வேலைக்குப் போனார்.

ஆனால் அதன் பிறகும் பாடினார், பதிவு செய்தார், கற்றுக்கொடுத்தார். 1950களின் நடுவில் தான் படித்த மெல்பா கல்லூரியிலேயே ஆசிரியராகச் சேர்ந்தார். பிறகு விக்டோரியாவின் பள்ளிகளில் இசை ஆசிரியர்.

ஓபராவே பாடாதவரை ஓபரா பாடகர்னு எப்படிச் சொல்றீங்க?

நல்ல கேள்வி, இதைக் கேட்பவர்கள் பாதி உண்மையோடுதான் கேட்கிறார்கள். அவர் வாழ்க்கையின் பெரும்பகுதி கச்சேரி மேடைதான். ஓபராவின் தனிப்பாடல்கள், ஜெர்மன் கலைப்பாடல்கள், ஆப்பிரிக்க அமெரிக்க ஆன்மிகப் பாடல்கள், பூர்வகுடிப் பாடல்கள் எல்லாம் கலந்த நிகழ்ச்சிகள். பயிற்சி முழுக்க ஓபரா டெனருடையது, வேடம் கட்டி மேடையேறியது அரிது.

காரணத்தையும் பார்க்க வேண்டும். அவர் குரல் உச்சத்தில் இருந்த 1945 முதல் 1951 வரை ஆஸ்திரேலியாவில் நிரந்தரமான தேசிய ஓபரா நிறுவனமே இல்லை. மெல்போர்னிலும் சிட்னியிலும் சில அமைப்புகள் சீசன் போட்டன, அவ்வளவுதான். தேசிய நிறுவனம் 1956இல்தான் வந்தது. அப்போது அவர் ஏற்கெனவே ஒடிந்து எழுந்துகொண்டிருந்தார். நியூயார்க் கதவின் கதையை மேலே சொல்லிவிட்டேன்.

ஆனாலும் ஒரு முறை நடந்தது. 1973 ஜூலையில், சிட்னி ஓபரா ஹவுஸ் முறைப்படி திறக்கப்படுவதற்கு மூன்று மாதம் முன்பு, அங்கே முதன்முதலில் அரங்கேறிய ஓபராக்களில் ஒன்று ஜேம்ஸ் பென்பர்தியின் 'டால்ஜெரி'. பூர்வகுடிப் பெண் ஒருத்திக்கும் வெள்ளையனுக்கும் இடையிலான காதல் கதை. அதில் ஹாரல்ட் பிளேர் பாடினார். அப்போது வயது 48. நாடு தன் புகழ்பெற்ற ஓபரா அரங்கின் கதவைத் திறக்கும்போது உள்ளே அவர் இருந்தார், இருபது வருடம் தாமதமாக.

பண்டபெர்க் கரும்பு வெட்டி டெனர்னா அது டொனால்ட் ஸ்மித் இல்ல? ரெண்டு பேரையும் குழப்பிக்கறீங்களா?

குழப்பவில்லை, இருவருமே உண்டு. டொனால்ட் ஸ்மித் பண்டபெர்க்கில் பிறந்தவர், அவரும் இளம் வயதில் கரும்பு வெட்டியவர், பிளேரைவிடச் சில வயது மூத்தவர். 1960களில் லண்டன் சாட்லர்ஸ் வெல்ஸ் ஓபராவில் பாடிவிட்டு வந்து ஆஸ்திரேலிய ஓபராவின் முன்னணி டெனராக விளங்கினார். அற்புதமான குரல். அவர் ஏறியதும் எளிய ஏணி இல்லை, உழைப்பாளி வீட்டுப் பிள்ளை.

ஒரே ஊர், ஒரே வெட்டுக் கத்தி, ஒரே குரல் வகை. ஒருவருக்கு நாற்பது வயதில் பெரிய வேடங்கள் வந்தன. இன்னொருவர் அதே வயதில் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது கீழே அரசியல் பற்றிய பதிலில் இருக்கிறது. குரலில் யார் பெரியவர் என்ற பட்டிமன்றம் எனக்கு வேண்டாம். குரலை வளர்த்துக்கொள்ள யாருக்கு எவ்வளவு நேரம் கிடைத்தது என்பதுதான் என் மனதை அறுக்கிறது.

வெள்ளைக்காரங்க பாட்டைப் பாடினது தன் மக்களை விட்டுக்கொடுத்த மாதிரி இல்லையா?

இதை இளைஞர்கள்தான் அதிகம் கேட்கிறார்கள், கோபத்தோடு. கோபம் நியாயம், அது போய்ச் சேரும் இடம் தவறு. மிஷனில் வளர்ந்த பிள்ளைகளுக்குத் தாய்மொழியும் சடங்கும் பாட்டும் மறுக்கப்பட்டன. எதைக் கையில் கொடுத்தார்களோ அதை எடுத்து அவர் தேர்ச்சி பெற்றார். அந்தத் தேர்ச்சியையே தன் மக்களின் பாட்டுக்குத் திருப்பினார். குயின்ஸ்லாந்தின் மரனோவா ஆற்றுப் பக்கத்துத் தாலாட்டு உட்பட, லெத்பிரிட்ஜ் என்ற மருத்துவர் சேகரித்து ஆர்தர் லோம் பியானோவுக்கு அமைத்த பூர்வகுடிப் பாடல்களை அவர் பதிவு செய்திருக்கிறார்.

பியானோ சேர்ந்ததால் அந்தப் பாட்டு மாறிவிட்டதா என்று கேட்டால், ஆமாம், மாறியிருக்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பூர்வகுடிச் சொற்களை ஒரு பூர்வகுடியின் வாயிலிருந்தே கச்சேரி மேடையிலும் இசைத்தட்டிலும் மக்களைக் கேட்கவைத்தவர் அவர்.

கல்யாணத்துல ஏதோ பிரச்சினைன்னு கேள்விப்பட்டேன்?

பிரச்சினை அவர்களுக்குள் இல்லை, பார்த்தவர்களுக்கு. மெல்போர்னில் உடன் படித்த டோரதி ஈடன் என்ற வெள்ளைக்காரப் பெண்ணை 1949இல் மணந்தார். கறுப்பு ஆண், வெள்ளைப் பெண் என்பது அன்றைய ஆஸ்திரேலியாவில் எவ்வளவு பேருக்கு உறுத்தியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கடைசி வரை சேர்ந்தே வாழ்ந்தார்கள், இரண்டு பிள்ளைகள். இதற்கு மேல் அவர்கள் வீட்டுக்குள் போக நமக்கு வேலை இல்லை.

பாடகருக்கு எதுக்கு அரசியல்?

அவருக்கு அது தனியான வேலையாக இருக்கவில்லை. மெல்போர்னில் பூர்வகுடி முன்னேற்றச் சங்கத்திலும் தேசிய அளவிலான உரிமை அமைப்பிலும் பங்கெடுத்தார். 1964இல் விக்டோரியா மாநிலத் தேர்தலில் மென்டோன் தொகுதியில் தொழிற்கட்சி வேட்பாளராக நின்றார், தோற்றார். டொனால்ட் ஸ்மித் லண்டனில் முக்கிய வேடங்கள் பாடிக்கொண்டிருந்த அதே வருடங்கள்.

1967 வரைக்கும் பூர்வகுடிகளுக்கு ஓட்டே இல்லைன்னு படிச்சேன், அப்புறம் இவர் எப்படி 1964ல தேர்தல்ல நின்னார்?

பெரும்பாலானோர் இதில் தடுமாறுகிறார்கள். 1967 மே 27இல் நடந்தது ஓட்டுரிமைக்கான வாக்கெடுப்பு இல்லை. பூர்வகுடிகளை மக்கள்தொகைக் கணக்கில் சேர்க்கவும், அவர்களுக்காக மத்திய அரசு சட்டம் இயற்றவும் அரசியலமைப்பைத் திருத்தியது. 90 சதவீதத்துக்கு மேல் ஆதரவு. ஓட்டு அதற்கு முன்பே, மாநிலத்துக்கு மாநிலம் வெவ்வேறு காலத்தில் வந்தது. விக்டோரியாவில் சட்டப்படி தடை இருக்கவில்லை. மத்தியத் தேர்தலில் எல்லாப் பூர்வகுடிகளுக்கும் 1962இல் கிடைத்தது. கடைசியாகக் கொடுத்த மாநிலம் குயின்ஸ்லாந்து, 1965இல்.

இப்போது இரண்டு தேதிகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1964இல் அவர் விக்டோரியாவில் வேட்பாளராக நிற்கிறார். அவர் பிறந்த ஷெர்பர்க்கில் இருந்த சொந்த ஜனங்களுக்கு அந்த வருடம் தங்கள் மாநிலத் தேர்தலில் ஓட்டுப் போடும் உரிமை இல்லை.

குழந்தைகளுக்கான அவரோட திட்டத்தைப் பத்தி நல்லதும் கேக்கறேன், கெட்டதும் கேக்கறேன். எது சரி?

இரண்டும் சரி. இந்தப் பதில் எழுதத்தான் எனக்கு மிகவும் கஷ்டம். 1962இல் அவர் பெயரில் ஒரு திட்டம் தொடங்கியது. குயின்ஸ்லாந்து மிஷன்களிலும் ஒதுக்கிடங்களிலும் இருந்த பூர்வகுடிக் குழந்தைகள் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு மெல்போர்ன் வந்து, பெரும்பாலும் வெள்ளையர் குடும்பங்களோடு தங்கிப் போவார்கள். வெளி உலகத்தைப் பிள்ளைகள் பார்க்கட்டும், வெள்ளையர்களும் இந்தப் பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துப் பழகட்டும் என்பது அவர் எண்ணம். ஆயிரக்கணக்கில் பிள்ளைகள் வந்தார்கள், சிலருக்கு அது இனிய நினைவு.

ஆனால் எல்லாப் பிள்ளைகளும் திரும்பிப் போகவில்லை. சில குடும்பங்கள் பிள்ளையைத் தங்களிடமே வைத்துக்கொள்ள முனைந்தன. பெற்றோரிடமிருந்து பிள்ளைகளைப் பிரிப்பது அரசின் வழக்கமாகவே இருந்த காலம் என்பதால் அதற்கு இடமும் கிடைத்தது. இப்படிப் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்ட தலைமுறையைப் பற்றிய பேச்சு பின்னாளில் வெளியே வந்தபோது இந்தத் திட்டத்தின் பெயரும் சேர்ந்தே வந்தது. தாயைப் பிரிந்து மிஷனில் வளர்ந்தவர் அவர். அவருடைய நல்ல மனதைச் சொல்லி, பிள்ளையை இழந்த ஒரு தாயின் வலியை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

முதல் பூர்வகுடி ஓபரா பாடகர் இவர்தானா? இவருக்கு அப்புறம் யாரும் வரலையா?

ஓபராப் பயிற்சி பெற்று நாடு அறிந்த முதல் பூர்வகுடிப் பாடகர் இவர் என்பதே என் பதில். பிறகு வந்தவர்கள் உண்டு. அதே ஷெர்பர்க்கில் பிறந்த ஒரு பாடகி, ஊரின் பழைய பெயரை எடுத்துத் தன் பெயரை மரூச்சி பரம்பா என்று வைத்துக்கொண்டு ஓபரா மேடை ஏறினார். யோர்ட்டா யோர்ட்டா இனத்தைச் சேர்ந்த சொப்ரானோ, அதாவது உச்ச ஸ்தாயிப் பாடகி, டெபோரா சீத்தம் 2010இல் 'பீகன் சம்மர்' என்ற ஓபராவைத் தானே எழுதி, பூர்வகுடிப் பாடகர்களை வைத்து அரங்கேற்றினார். பிளேருக்கு இல்லாத ஒன்று, உடன் பாட ஒரு கூட்டம், இவர்களுக்கு இருக்கிறது.

விருது, மரியாதை ஏதாவது கொடுத்தாங்களா?

1976இல் ஆர்டர் ஆஃப் ஆஸ்திரேலியா விருது. அதே வருடம் மே மாதம் இறந்துவிட்டார்.

1998இல் குயின்ஸ்லாந்தில் இப்ஸ்விச்சைச் சுற்றிப் புதிதாக உருவான நாடாளுமன்றத் தொகுதிக்கு பிளேர் என்று அவர் பெயரை வைத்தார்கள். பர்கா மிஷன் இருந்த வட்டாரம். அந்தத் தொகுதியின் முதல் தேர்தலிலேயே போட்டியிட்டவர் பாலின் ஹான்சன், பூர்வகுடிகளுக்கு அரசு செய்யும் தனி உதவிகளை எதிர்த்தே அரசியலில் பேர் வாங்கியவர். அங்கே வேட்பாளர்களை 1, 2, 3 என்று விருப்ப வரிசையில் குறித்து ஓட்டுப் போடுவார்கள். முதல் விருப்ப ஓட்டுகளில் அவர்தான் முன்னணி. மற்ற வேட்பாளர்களின் விருப்ப ஓட்டுகள் கைமாறி எண்ணப்பட்டபோது தோற்றார். அந்த இரவு ஒவ்வொரு செய்தி வாசிப்பவரும் பிளேர், பிளேர் என்று சொல்லிக்கொண்டே இருந்திருப்பார்கள்.

சரி, கேக்கணும்னா எதுல ஆரம்பிக்கறது?

பெரிய ஓபராத் தனிப்பாட்டில் ஆரம்பிக்காதீர்கள், மேலே சொன்ன அந்த மரனோவா தாலாட்டில் ஆரம்பியுங்கள். மிகச் சிறியது. பியானோ சில சுரங்களைத்தான் தொடும், ராகம் பெரிதாக ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை. அரங்கம் நிறையப் பாடப் பழகிய குரல், தூளியில் கிடக்கும் பிள்ளை விழித்துவிடக் கூடாது என்று அடங்கிப் பாடும். வரியின் கடைசிச் சொல்லை அவர் எப்படி விடுகிறார் என்று கவனியுங்கள், மூச்சை நிறுத்திவிடாமல் குரலை மட்டும் மெல்லக் கரையவிடுவார். ஹெட்போன் போட்டு, சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தே வைத்துக் கேளுங்கள். பிறகு அவர் பாடிய மற்றவற்றுக்குப் போகலாம்.